காப்புக் கட்டிய பாட்டுக்காரன்

மாரியம்மன் துணை

லான்மடாவ், ரங்கூன்
20.1.2008

எந்தக் கடலில் மிதந்தாலும் என் நினைப்பை விட்டு இறங்காத கணவர் மாரிச்சாமி அவர்களுக்கு, சத்யபாமா வணக்கம் கூறி எழுதுவது.

நானும் தம்பி மோகனும் சுகம். சிங்கப்பூர் ஏஜெண்ட் ஆபீஸ் வழியாக நீங்கள் போட்ட கடிதம் பொங்கலுக்கு முதல் நாள் கிடைத்தது. இஞ்சின் அறைச் சூட்டில் முதுகெல்லாம் வேர்க்குரு என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தனம் அரைத்துத் தடவ அங்கே ஆள் ஏது. பவுடராவது போட்டுக்கொள்ளுங்கள். போன கடிதத்திலும் இதையேதான் எழுதினேன், நீங்கள் காதில் வாங்கவில்லை.

பொங்கல் நல்லபடியாக முடிந்தது. பானை ஒன்றுதான் வைத்தேன். நாலு பேர் சாப்பிடும் பொங்கலை மோகன் ஒருவனே சாப்பிட்டுவிட்டு, நெய் குறைவு என்று குற்றம் வேறு சொன்னான். தையல் வேலை பரவாயில்லை. பர்மாக்காரப் பெண்களுக்குக் கல்யாணச் சட்டை நாலு கைவசம் இருக்கிறது.

இனி உங்கள் மைத்துனர் பிரதாபம். போன வருஷம் மெக்ஸிகோ துறைமுகத்திலிருந்து மூன்று சிடி அனுப்பினீர்களே, உறையில் உங்கள் பெயரையும் கப்பல் பெயரையும் கொட்டை எழுத்தில் எழுதி, அதனால் வந்த வினை இது. அந்த ஊர்ப் பையன்கள் பாடுகிறார்களா, சண்டை போடுகிறார்களா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. மூச்சு விடாமல் பேசுகிறார்கள், பின்னால் அவர்கள் பாட்டன் காலத்துத் தோல் மேளமும் ஊதுகுழலும் கேட்கிறது. வயலில் வேலை செய்கிறவர்களின் வயிற்றெரிச்சலைப் பாடுகிறார்கள் என்று துறைமுகத்தில் ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். மோகனுக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனால் மூன்று மாதம் அதையே கேட்டான். கேட்டுவிட்டு, அவங்க ஊரு மேளம் இவ்வளவு பேசும்னா நம்ம உறுமி பேசாதாக்கா என்றான்.

அத்தோடு விட்டானா. கோயில் உறுமியைப் பூசாரி நாராயணன் அண்ணனிடம் கெஞ்சி வாங்கி வந்துவிட்டான். கூட்டாளிகள் இரண்டு பேர். ஒருவன் அமீர் அலி, கியாக்டடாவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறானே, அவன்தான். ஒலியை வெட்டி ஒட்டுவது அவன் வேலை. இன்னொருவன் கோ தூரா என்கிற பர்மாக்காரப் பையன். சொந்தமாகப் பாட்டுக் கட்டுவான். சித்திரைத் தண்ணீர்த் திருவிழாவில் அந்தக் காலத்தில் மேளம் தட்டிக்கொண்டு ஊர் நடப்பைக் கேலி பண்ணிப் பாடுவார்களே, அந்தப் பாட்டை அவன் தாத்தாவிடம் கற்றவன். எண்பத்தெட்டுக் கலவரத்துக்கு அப்புறம் அதை எங்கே பாட விட்டார்கள். மூவரும் சேர்ந்து குழுவுக்கு 'ஸ்பேர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இங்கே பஸ் கண்டக்டரை அப்படித்தானே கூப்பிடுகிறோம், அதுதான்.

மின்சாரம் வருகிற நேரம் பார்த்து, என் தையல் அறையில் கம்பளியைத் தொங்கவிட்டுப் பாட்டுப் பதிகிறார்கள். என் மிஷின் சத்தம் இடைஞ்சல் என்று நிறுத்தப் போனேன். நிறுத்தாதீங்கக்கா, அது நல்ல தாளம் என்று அமீர் அலி அதையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். நாலு கல்யாணச் சட்டை தைக்கிற சத்தம் பாட்டில் இருக்கிறது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

பாட்டு பஸ்ஸைப் பற்றியது. அதற்கு மேல் தபாலில் எழுத வேண்டாம் என்று அமீர் அலி சொல்லியிருக்கிறான். நீங்களும் கேட்டு எழுதாதீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் பாதம் நினைத்து,
சத்யபாமா


மாரியம்மன் துணை

லான்மடாவ், ரங்கூன்
30.3.2008

அன்புள்ள கணவர் அவர்களுக்கு, சத்யபாமா எழுதுவது.

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. பர்கத்துல்லா பாய் சிங்கப்பூருக்குச் சரக்கு எடுக்கப் போகிறார், அவர் பெட்டியில் துணிக்கு நடுவில் வருகிறது. அதனால் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன். நின்றுகொண்டு படிக்காதீர்கள். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: மோகன் உயிரோடு இருக்கிறான், கைகால் நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த ஊரில் இல்லை, இந்த நாட்டிலும் இல்லை.

பாட்டைப் பற்றி அன்றைக்கு எழுதாததை இன்றைக்கு எழுதுகிறேன். போன ஆகஸ்டில் எண்ணெய் விலையை ஒரே ராத்திரியில் ஏற்றினார்களே, பஸ் கட்டணம் இரட்டிப்பாகி ஜனங்கள் ஹ்லெய்ங்கிலிருந்து சூலே வரைக்கும் நடந்தே வேலைக்குப் போனார்களே, அதுதான் பாட்டு. கோ தூரா பர்மிய மொழியில் கண்டக்டர் மாதிரி ஒவ்வொரு ஸ்டாப்பாகக் கூவிக் கூவி, அந்த ஸ்டாப்பில் என்ன நடந்தது என்று சொல்லிக்கொண்டு போவான். விலையை எதிர்த்துப் புத்த சாமியார்கள் ஊர்வலம் போய் அடிபட்ட இடம் வந்ததும் பாட்டை நிறுத்திவிடுவான். வெறும் உறுமி மட்டும் கேட்கும். எனக்கே அந்த இடத்தில் தையல் ஓடாது.

நடுவில் மோகன் தமிழில் நாலு வரி பாட வேண்டும். அவனுக்கு எங்கே தமிழ் ஒழுங்காக வருகிறது. பர்மியப் பள்ளிக்கூடத்தில் படித்தவன், சண்டை போடவும் சோறு கேட்கவும் மட்டும் தமிழ். இரண்டு நாள் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னடா சொல்லணும் உனக்கு என்று கேட்டேன். பட்டாளத்துக்காரங்க தேர்தல் வச்சு, ஜெயிச்சவங்ககிட்ட ஆட்சியக் கொடுக்கிறோம்னு சொல்லிட்டுக் கொடுக்கலயே அக்கா, அதை பஸ்ஸோட சேர்த்துச் சொல்லணும் என்றான். நான் காஜா எடுத்துக்கொண்டே, "டிக்கெட்டு கொடுத்தீங்க, வாங்கிக்கிட்டோம், சொன்ன சொல்லு எந்த ஸ்டாப்புல எறங்குச்சு?" என்று வை என்றேன். ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவன் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான்.

ஆமாம், அந்த வரி என்னுடையது. இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. உங்களுக்கு இப்போது தெரியும்.

அமீர் அலி கடையில் சிடி போட்டுக் கைக்குக் கை மாற்றிக் கொடுத்தார்கள். பெயர் எதுவும் போடவில்லை. மாசி பிறந்தபோது தேநீர்க் கடைகளில் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் நான் ஏறிய பஸ்ஸிலேயே டிரைவர் போட்டிருந்தார். தமிழ் தெரியாத ஜனங்கள் என் வரியைத் தப்பும் தவறுமாகக் கூடவே பாடினார்கள். சொல்ல வெட்கம்தான், எனக்குப் பெருமையாக இருந்தது. இரண்டு ஸ்டாப் தாண்டித்தான் இறங்கினேன்.

அந்தப் பெருமை ஒரு வாரம்கூட நிற்கவில்லை. வார்டு ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் அம்மாள் சட்டை அளவு கொடுக்க வந்தாள். அளவு எடுத்து முடித்ததும், உன் தம்பி குரலை நான் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறது சத்யா, தண்ணீர்த் திருவிழா முடிகிற வரைக்கும் அவனை வீட்டோடு வைத்துக்கொள் என்று பர்மிய மொழியில் சொல்லிவிட்டுப் போனாள். நல்ல மனசோடு சொன்னதுதான்.

இவனை எப்படி வீட்டோடு வைப்பது. திருவிழாப் பந்தலில் ஏறிப் பாடுவதாக வேறு மூன்று பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ரொம்ப யோசித்து, ரொம்பப் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தேன். பங்குனித் திருவிழாவுக்கு நம் கோயிலில் கொடியேறுகிற சமயம். மோகன் பூக்குழி இறங்குவதாக அம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். உனக்கு மஞ்சள் காமாலை வந்தப்போ வேண்டினது பாக்கி இருக்குடா என்று பொய் சொன்னேன். காப்புக் கட்டிவிட்டால் கோயிலே கதி, ஒரு வேளைச் சோறு, வம்புக்குப் போக முடியாது, பாட்டுக் கூட்டாளிகளும் ஒதுங்கிக்கொள்வார்கள் என்று கணக்குப் போட்டேன். அவனும் மறுபேச்சுப் பேசவில்லை. பன்னிரண்டாம் தேதி புதன்கிழமை பூசாரி அண்ணன் மஞ்சள் கயிற்றை அவன் மணிக்கட்டில் கட்டி, குழி இறங்கிக் காப்பு அவிழ்க்கிற வரைக்கும் ஊர் எல்லை தாண்டக் கூடாது என்று எல்லோருக்கும் சொல்வதை அவனுக்கும் சொன்னார். நம் பெரியவர்கள் வகுத்த எல்லை உங்களுக்குத் தெரியும். தெற்கேயும் மேற்கேயும் ஆறு, கிழக்கே பசுந்தாங் ஓடை, வடக்கே மிங்கலாடான். நான் நிம்மதியாக வீட்டுக்கு வந்து அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோ தூராவைத் தேநீர்க் கடையிலிருந்து பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். லாரியில் நாலு பேர் வந்தார்களாம். குடித்துக்கொண்டிருந்த தேநீரை முடிக்க விடவில்லை என்று கடைக்காரர் சொல்லி அழுதார்.

சனிக்கிழமை காலையில் அமீர் அலி ஓடி வந்தான். அடுத்தது மோகன்தான், இன்றைக்கே கிளம்ப வேண்டும். மாவ்பியில் தன் சின்னம்மா சைதா வீட்டில் மோகன் சில நாள் தங்கினால், அங்கிருந்து மியாவாடிக்குச் சரக்கு லாரி கிடைக்கும், ஆற்றைத் தாண்டினால் தாய்லாந்து. எல்லாம் பேசி வைத்திருந்தான். மோகன் தன் மணிக்கட்டைக் காட்டினான். மாவ்பி எல்லைக்கு வெளியிலப்பா, காப்பு இருக்கு, நான் வரமாட்டேன் என்றான்.

நான் கத்தினேன், கெஞ்சினேன், அறைந்துகூடப் பார்த்தேன். ஒரு கன்னத்தில் வாங்கிக்கொண்டு நின்றான். அப்புறம் சொன்னான்: சொன்ன சொல்லு எங்கன்னு ஊரெல்லாம் கேட்டுப் பாடிட்டு, நான் அம்மனுக்குச் சொன்ன சொல்ல அறுத்துப் போட்டு ஓடுனா, தூரா எதுக்கு உள்ள இருக்கான்? அதைக் கேட்டு அமீர் அலி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் வாயில் அந்த வரியைப் போட்டவளும் நான், கையில் அந்தக் கயிற்றைக் கட்டவைத்தவளும் நான். உங்களிடம் அல்லாமல் இதை யாரிடம் போய்ச் சொல்வேன்.

காமாலைக்கு வேண்டினது பொய், போன வாரம் வைத்த வேண்டுதல் என்று அவனிடம் உடைத்துச் சொல்லிப் பார்த்தேன். சிரித்தான். நீ பொய் சொன்னக்கா, நான் சொல்லலயே என்றான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பூசாரி வீட்டுக்குப் போய்ப் படியிலேயே உட்கார்ந்துகொண்டேன். காப்பை அவிழ்க்க மாட்டேன் என்று நாராயணன் அண்ணன் ஒரே பிடியாக நின்றார். அவரைத் திட்டவும் முடியாது. அவர் அப்பா காலத்திலிருந்து குழி இறங்காமல் ஒருத்தருக்கும் அவிழ்த்ததில்லை. நேர்ந்தது யார், நானா அவனா என்று கேட்டேன். நீதான் என்றார். அப்போ என் கைக்கு மாற்றிக் கட்டுங்கள், ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே என்றேன். நம்ம கோயில்ல பொம்பளைங்க குழி இறங்கறதில்ல, நீ தீச்சட்டி எடுத்துக்க என்றார். அம்மனிடம் சொன்னது பூக்குழி, அதைச் சட்டியாக்கினால் அதுவும் சொல் மாறினதுதான் என்றேன். மோகனிடம் தோற்றதை அவரிடம் ஜெயித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மோகனை வரவழைத்து, இது சொல்லை அறுப்பதில்லை, கை மாறுவதுதான் என்று பூசாரியே சொன்ன பிறகுதான் அவன் கையை நீட்டினான். முதலில் என் கையில் கட்டி, அப்புறம்தான் அவன் கையில் இருந்ததை அவிழ்த்தார். நடுவில் ஒரு நிமிஷம் இரண்டு பேர் கையிலும் காப்பு இருந்தது. அவன் வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே அழுதான். சின்னப் பிள்ளையில் அப்பா காரியத்துக்கு அழுதவன், அதற்கப்புறம் இப்போதுதான் பார்க்கிறேன். காய்கறி இறக்கிவிட்டுத் திரும்புகிற வண்டியில் அமீர் அலி அவனை ஏற்றிக்கொண்டு போனான்.

மாவ்பியில் ஆறு நாள் இருந்தான். ரயிலில் போனால் ஒரு மணி நேரம் சொச்சம். கிளம்புவதற்குள் ஒரு தடவை வந்துட்டுப் போக்கா என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினான். என் கையில் காப்பு இருக்கிறது, நான் எப்படி எல்லை தாண்டுவேன். புளிச்சோறு கட்டி அமீர் அலியிடம் கொடுத்தனுப்பினேன். ஸ்டேஷன் வரைக்கும் ஒரு நாள் நடந்தேன், வண்டி கிளம்புகிறதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். அவனை எட்டு வயதிலிருந்து வளர்த்தவள், வழியனுப்பப் போகவில்லை.

நடுவில் புதன்கிழமை மத்தியானம் வீட்டைச் சோதனை போட வந்தார்கள். தம்பி எங்கே என்றார்கள். கோயில் வேண்டுதலாகப் போயிருக்கிறான் என்றேன், என் மஞ்சள் கயிற்றைப் பார்த்துக்கொண்டார்கள். உறுமியைப் பூசாரி முதல் நாளே எடுத்துக்கொண்டு போய்க் கோயிலில் மாட்டிவிட்டார், நல்லவேளை. மோகனின் நோட்டு, போட்டோ, நீங்கள் அனுப்பிய சிடி, அது வந்த உறை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, உறையில் இருந்த உங்கள் பெயரையும் கப்பல் பெயரையும் தனியாக ஒரு தாளில் எழுதிக்கொண்டார்கள். எப்போது ஊருக்கு வருவார் என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

இருபத்திரண்டாம் தேதி அவன் லாரி ஏறினான். மறுநாள் நான் குழி இறங்கினேன். கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள், பூசாரி அவர்களைப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டார்கள். பக்தியோடு இறங்கினால் சுடாது என்பார்கள். எனக்குச் சுட்டது. மனசு அம்மனிடம் இல்லை, அந்த லாரியில் இருந்தது. இடது காலில் இரண்டு கொப்புளம், இப்போது ஆறி வருகிறது. மிஷின் மிதிக்க வலது கால் போதும், அதனால் தையல் நிற்கவில்லை. காப்பை அவிழ்த்தாகிவிட்டது.

வியாழக்கிழமை அமீர் அலிக்கு டெலிபோன் வந்தது. மோகன் ஆற்றைத் தாண்டி மேசோட் போய்ச் சேர்ந்துவிட்டான். பள்ளிவாசல் பக்கத்தில் மதீனா பீவி என்கிற அம்மாள் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார், அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டு கடைக்குப் பின்னால் படுத்துக்கொள்கிறான். நம் ஜனங்கள்தான், தமிழ் பேசுவாராம். அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதத்தைச் சந்தோஷமாக எழுதியிருப்பேன்.

திரும்பி வரப்போகிறேன் என்கிறான். அக்கா கையில காப்பு முடிஞ்சிருச்சுல்ல, தண்ணீர்த் திருவிழா கழிஞ்சதும் வந்து நானே நின்னுடறேன், தூராவை விட்டுடுவாங்க என்றானாம். யார் விடப்போகிறார்கள். ஒருவன் இருக்கிற இடத்தில் இரண்டு பேர் இருப்பார்கள், அவ்வளவுதான். தூராவின் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். உன் தம்பி வரவேண்டாம் என்று அவளே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். பெற்றவள் சொன்னதைச் சொல்லி அனுப்பினாலும் அவன் கேட்கவில்லை. அமீர் அலி சொன்னாலும் கேட்கமாட்டான். நான் சொல்லி அவன் கேட்ட காலம் மலையேறிவிட்டது. உங்கள் பேச்சு ஒன்றுக்குத்தான் கட்டுப்படுவான். அத்தான் என்றால் இன்னும் அவனுக்கு ஒரு பயமும் பாசமும் இருக்கிறது.

சித்திரை ஒன்றில் தாய்லாந்துத் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கி, ஒரு மாத லீவுக்கு வீட்டுக்கு வருவதாக எழுதியிருந்தீர்கள். பதினான்கு மாதம் ஆகிறது நான் உங்களைப் பார்த்து. விமான நிலையத்துக்கு எந்தச் சேலை கட்டிக்கொண்டு வருவது என்றுகூட முடிவு பண்ணி, ரவிக்கை தைத்து வைத்துவிட்டேன். வயது முப்பத்தைந்தாகிறது, இது என்ன சின்னப்பெண் வேலை என்று நீங்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள்.

வராதீர்கள். இங்கே விமானம் ஏறாதீர்கள், உங்கள் பெயரும் அவர்கள் தாளில் இருக்கிறது. கப்பலை விட்டு இறங்கினதும் நேராக மேசோட் போய்விடுங்கள். அந்த ஒரு மாதத்தை அவனுக்குக் கொடுத்துவிடுங்கள். கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள், திட்டுங்கள், வேலை ஒன்று தேடிக் கொடுங்கள். அங்கேயும் மேளம் தட்டிப் பாடுகிற பையன்கள் இருப்பார்கள், பாடட்டும், நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். இந்தப் பக்கம் மட்டும் காலெடுத்து வைக்க விடாதீர்கள். அக்கா கால் எப்படி இருக்கிறது என்று கேட்டால் ஒன்றுமே ஆகவில்லை, பூக்குழி பூவாகத்தான் இருந்தது என்று சொல்லுங்கள். அந்த ஒரு பொய்யை எனக்காகச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வரவில்லையே என்று எனக்குக் கோபம் வராது. வாசலில் வந்து நின்றீர்கள் என்றால்தான் வரும். நீங்களும் அவனும் நூறு வயது இருக்க வேண்டும், இரண்டு பேரும் ஒரே இலையில் சாப்பிட்டோம் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள், அது போதும் எனக்கு.

உங்கள்
சத்யபாமா